எடை நிற்கும் இடம் வேறு, பலவீனம் இருக்கும் இடம் வேறு

வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய மாடிக் கட்டடங்களில் மாலை ஆறு மணிக்குப் பிறகு ஏறிப் பாருங்கள். ஏதாவது ஒரு தளத்தில் ஜிம் ஒன்று நிறைந்திருக்கும். வங்கி வேலை முடிந்து நேரே வருகிறவர்கள், ஏ.எல். சோதனை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பையன்கள், புறக்கோட்டைக் கடையைப் பூட்டிவிட்டு வருகிற முதலாளிமார் என்று எல்லாரும் இருப்பார்கள். அங்கே அடிக்கடி காதில் விழும் முறைப்பாடு ஒன்று உண்டு: "அண்ணா, பெஞ்ச் அறுபதிலேயே நிக்குது. மூணு மாசமா ஏறுதே இல்லை." பெஞ்சில் மல்லாந்து படுத்து எடையை மார்புக்கு மேலே தள்ளும் பெஞ்ச் பிரெஸ்ஸில் அறுபது கிலோவைத் தாண்ட முடியவில்லை என்பதுதான் அது.

இதற்குக் கிடைக்கும் பதில்களும் எல்லாருக்கும் தெரிந்தவைதான். இன்னும் இரண்டு செட் (இடையில் ஓய்வில்லாமல் செய்யும் ஒரு சுற்று) கூட்டு, புரோட்டீன் பவுடர் எடு, கிழமைக்கு இரண்டு தடவை மார்பு செய். புதிதாகத் தொடங்கியவருக்கு இவற்றில் எது செய்தாலும் கொஞ்சம் பலன் தெரியும். ஆனால் ஒரு வருடம் தாண்டியவருக்கு அப்படி நடக்காது. தேர் இழுக்கும்போது ஒரு சக்கரம் இறுகிவிட்டால் வடம் பிடிக்க இன்னும் நூறு பேரைச் சேர்த்துப் பயனில்லை. இறுகிய சக்கரம் எது என்று குனிந்து பார்க்க வேண்டும். எடைப் பயிற்சியில் அப்படிப் பார்க்கிறவர்கள் குறைவு. பார்க்கிறவர்களிலும் பலர் தவறான சக்கரத்தைத்தான் பார்க்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது சிக்கலைப் பற்றியது.

எடைப் பயிற்சியின் நவீன முறையே ஒரு பலவீனத்தைச் சரிசெய்யப் போய்ப் பிறந்ததுதான். இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில் தோமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க இராணுவ வைத்தியரிடம் முழங்காலில் காயப்பட்ட வீரர்கள் வந்தார்கள். சத்திரசிகிச்சை முடிந்து பல மாதங்கள் கழிந்தும் அவர்களுடைய தொடையின் முன்தசை வற்றிப்போய்க் கிடந்தது. மிகக் குறைந்த எடையில் நிறையத் தடவை அசைப்பதுதான் அந்தக் காலத்து வழக்கம். டிலோர்ம் அதை மாற்றினார். கனமான எடை, குறைந்த தடவைகள், கிழமைக்குக் கிழமை எடையைக் கூட்டுவது என்று போனார். 1945 இல் அதைக் கட்டுரையாக எழுதினார். 1948 இல் வாட்கின்ஸ் என்ற வைத்தியருடன் சேர்ந்து அந்த முறையைச் சுருக்கிக் கொடுத்தார்: பத்துத் தடவை மட்டுமே தூக்க முடிகிற எடையைக் கண்டுபிடி, முதல் செட்டை அதில் பாதியோடும், இரண்டாவதை முக்கால்வாசியோடும், மூன்றாவதை முழு எடையோடும் செய். இன்று கொழும்பு ஜிம் சுவர்களில் ஒட்டியிருக்கும் அட்டவணைகளில் காண்கிற 'மூன்று செட், பத்துத் தடவை' இந்த வழியில் வந்ததுதான்.

டிலோர்முக்கு ஒரு வசதி இருந்தது. எந்தத் தசை மெலிந்திருக்கிறது என்பது கண்ணுக்கே தெரிந்தது. ஆரோக்கியமான ஒருவரிடம் அது தெரியாது. பிறகு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வெஸ்ட்சைட் பார்பெல் என்ற ஜிம்மை நடத்திய லூயி சிமன்ஸ் பலவீனத்தைத் தேடுவதையே ஒரு முறையாக ஆக்கினார். 2022 இல் காலமாகும் வரை அவர் வலியுறுத்தி வந்தது, பெஞ்ச் போன்ற பெரிய பயிற்சி எங்கே தடுக்கிறதோ அந்த இடத்துக்கென்றே துணைப் பயிற்சிகளைத் தெரிவுசெய்ய வேண்டும் என்பது. அந்த யோசனை உலகம் முழுக்கப் பரவிவிட்டது. பரவும்போது அது மிகவும் எளிமையாக்கப்பட்டதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 'பெஞ்ச் மேலே நிற்கிறதா, ட்ரைசெப்ஸ் (மேற்கையின் பின்தசை) பலவீனம். கீழே நிற்கிறதா, மார்பு பலவீனம்.' இணையத்தில் இருக்கும் அட்டவணைகள் எல்லாம் இப்படித்தான் சொல்கின்றன.

எடை நிற்கும் இடத்துக்கு ஒரு பௌதிகக் காரணம் இருக்கிறது. பெஞ்ச் பிரெஸ்ஸில் பார் (எடை மாட்டும் இரும்புக் கம்பி) மார்பைத் தொட்டு எழும்போது, இழுபட்டிருந்த தசைகள் தரும் ஒரு துள்ளல் அதற்குக் கிடைக்கிறது. சில அங்குலம் ஏறியதும் அந்தத் துள்ளல் தீர்ந்துவிடும். மூட்டுகளின் நெம்புகோல் அமைப்பும் அந்த உயரத்தில் சாதகமாக இருப்பதில்லை. இன்னும் மேலே போனால் மறுபடி இலகுவாகிறது. ஆகவே எல்லாத் தசையும் சரிசமமான பலத்தோடு இருக்கிற ஒருவருக்கும் பார் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நிற்கும். ஒவ்வொரு மனிதருக்கும் அப்படி ஒரு இடம் உண்டு. அதைப் பார்த்த மாத்திரத்தில் ஒரு தசையின் மேல் குற்றம் சுமத்த முடியாது.

தோளில் எடையோடு குந்தி எழும்பும் ஸ்குவாட்டில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். எடையோடு கீழே இறங்கி எழும்பும்போது சிலருக்கு இடுப்பு முந்திக்கொண்டு மேலே போய்விடும், நெஞ்சு முன்னால் சாயும். கடைசியில் முதுகால் எடையை நிமிர்த்தி எடுப்பார்கள். பார்க்கிறவர் சொல்வார், "தம்பி, உமக்கு முதுகு வீக்." அவரும் போய் முதுகுக்கான பயிற்சியைக் கூட்டுவார். அநேகமாக உண்மை நிலை இதற்கு நேர் எதிரானது. அந்த எடைக்கு முழங்காலை நிமிர்த்தத் தொடையின் முன்தசையால் முடியவில்லை. அதனால் உடம்பு தானாகவே இடுப்பை உயர்த்தி, சுமையை முதுகுக்கும் பிட்டத் தசைக்கும் மாற்றிவிடுகிறது. முதுகு அங்கே மேலதிக வேலை செய்து ஆளைக் காப்பாற்றுகிறது. பலவீனம் என்று பழி சுமத்தப்படுவது அந்த முதுகின் மேல். இவருக்கு வேண்டியது முன்தொடைக்கான வேலை: பாரைத் தோளின் முன்பக்கம் வைத்துச் செய்யும் ஃபிரண்ட் ஸ்குவாட், அடியில் இரண்டு வினாடி நின்று எழும்பும் ஸ்குவாட், ஒரு காலைப் பின்னால் பெஞ்சில் வைத்துச் செய்யும் ஸ்பிளிட் ஸ்குவாட்.

அநேகமாக என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இடுப்பு முந்துவது வெறும் பழக்கமாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழி, ஒரே அசைவை வெவ்வேறு எடைகளில் பக்கவாட்டிலிருந்து ஃபோனில் வீடியோ எடுத்துப் பார்ப்பது. எடையே இல்லாமல் செய்யும்போதும் அந்தக் கோணல் இருந்தால் முதலில் மூட்டின் இறுக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும். மூட்டுத் தாராளமாக அசைந்தும் வெறும் பாரோடு செய்யும்போதே கோணல் வந்தால் அது பழக்கப் பிழை. லேசான எடையில் அழகாகச் செய்து, கனம் கூடும்போது மட்டும் கலைந்தால் அது பலத்தின் குறை. முதல் செட் நன்றாக இருந்து நான்காவது செட்டில் மட்டும் கலைந்தால் களைப்பு, அதாவது ஓய்வு போதவில்லை அல்லது செட்டுகள் அதிகம். நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு. மூட்டு இறுக்கத்துக்குப் போய்ப் பலப் பயிற்சி செய்கிறவரும், பலக் குறைக்குப் போய் ஸ்ட்ரெச்சிங் செய்கிறவரும் மாதக்கணக்கில் நேரத்தை வீணாக்குகிறார்கள்.

மூட்டு இறுக்கத்தைப் பற்றிக் கொழும்பில் தனியாகப் பேச வேண்டும். நம் பாட்டிமார் குந்தியிருந்து மீன் வெட்டினார்கள், திருவலையில் அமர்ந்து தேங்காய் துருவினார்கள், சம்மணமிட்டுச் சாப்பிட்டார்கள். ஆழமான ஸ்குவாட் அவர்களுக்கு அன்றாடம் பல தடவை வாய்த்தது. பம்பலப்பிட்டி ஃபிளாட்டில் வளர்ந்த பிள்ளைக்கு கொமோட், கதிரை, மேசை, பள்ளிக்கூட வேன், கணினி முன்னால் வேலை. இருபத்தைந்து வயதில் ஜிம்முக்கு வந்து குந்தச் சொன்னால் குதிகால் தரையிலிருந்து எழும்பும், அல்லது பின்னால் விழுவார். இதில் தசைப் பலம் சம்பந்தப்படவே இல்லை. கணுக்கால் முன்னோக்கி மடிய மறுக்கிறது.

இதைச் சோதிக்கச் சுவர் ஒன்று போதும். வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நின்று, பெருவிரல் நுனியைச் சுவரிலிருந்து 10 சென்டிமீற்றர் தள்ளி வையுங்கள். குதிகாலை எழுப்பாமல் முழங்காலை முன்னால் கொண்டுபோய்ச் சுவரைத் தொட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் கணுக்கால் இறுக்கம் ஸ்குவாட்டைப் பாதிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு காலையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், முன்பு சுளுக்கு வந்த கால் அடிக்கடி பின்தங்கியிருக்கும். சரிசெய்ய அதே அசைவையே பயிற்சியாகச் செய்யலாம். கெண்டைக்கால் தசையை நீட்டுவதோடு, கையில் ஒரு டம்பெல்லைப் பிடித்தபடி ஆழமாகக் குந்தி அரை நிமிடம் இருந்து பழகலாம். கணுக்கால் இளகுவதற்குக் கிழமைகள் எடுக்கும். அதுவரை குதிகாலுக்குக் கீழே மெல்லிய பிளேட் இரண்டை வைத்து ஸ்குவாட் செய்வதில் ஒரு தவறும் இல்லை. பளுதூக்கும் வீரர்களின் சப்பாத்துக்கு உயர்ந்த, இறுகிய குதி வைத்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

பெஞ்ச்சுக்குத் திரும்புவோம். எடை நிற்கும் இடம் ஏமாற்றும் என்றால் வேறு எப்படித்தான் கண்டுபிடிப்பது? பயிற்சியைக் கொஞ்சம் மாற்றிச் செய்து, எந்த மாற்றத்தில் எடை எதிர்பாராத அளவுக்குச் சரிகிறது என்று பார்க்க வேண்டும். கைகளை நெருக்கிப் பிடித்துச் செய்தால் வழமையான எடையை விடச் சற்றுக் குறைவாகத் தூக்குவது இயல்பு. அது மிக மோசமாக விழுந்தால் ட்ரைசெப்ஸைச் சந்தேகிக்கலாம். மார்பில் இரண்டு வினாடி நிறுத்தித் தூக்கும்போது பெரிதாக விழுந்தால், இதுவரை துள்ளலில்தான் ஓடியிருக்கிறது, அடிப்பகுதியில் மார்புக்கும் முன்தோளுக்கும் வேலை வேண்டும். கனம் கூடும்போது தோள் முன்னால் உருண்டு பெஞ்சை விட்டு எழும்புகிறதா? அப்படியானால் முதுகின் மேற்பகுதி தோள்பட்டையைப் பிடித்து வைக்கவில்லை, ரோயிங் (எடையை உடம்பை நோக்கி இழுக்கும் பயிற்சி) போதாது. மார்பை நாள்தோறும் கவனித்து முதுகை மறந்தவர்களிடம் இது மிகச் சாதாரணம். முதுகு கண்ணாடியில் தெரியாது என்பதால்தான் மறக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒவ்வொரு தடவையும் உச்ச எடையைத் தூக்கத் தேவையில்லை. அது ஆபத்தும்கூட. எப்லி சூத்திரம் என்று ஒன்று இருக்கிறது: தூக்கிய தடவைகளை 30 ஆல் பிரித்து, 1 ஐக் கூட்டி, எடையால் பெருக்குங்கள். 60 கிலோவை 5 தடவை தூக்கினால் உங்கள் ஒரு தடவை உச்சம் கிட்டத்தட்ட 70 கிலோ. பத்துத் தடவைக்கு மேல் போனால் இந்தக் கணக்கு நம்பகமாக இருக்காது. ஐந்தாறு தடவை தூக்கக்கூடிய எடையில் சோதிப்பதுதான் நல்லது. எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். ஞாபகத்தை நம்பாதீர்கள், அது நமக்குப் பிடித்த பயிற்சிகளை மட்டும்தான் நன்றாக வைத்திருக்கும்.

தரையிலிருந்து பாரைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஆனால் கொழும்பில் அதன் முதல் பலவீனம் பெரும்பாலும் கைப்பிடி. வருடம் முழுக்க ஈரப்பதன் கூடிய காற்று, வியர்த்த உள்ளங்கை, தேய்ந்து வழுவழுப்பான பார், சோக் தூளை அனுமதிக்காத ஜிம்கள் வேறு. காலும் முதுகும் இன்னும் இருபது கிலோ தூக்கத் தயாராக இருக்க, விரல்கள் விரிந்துவிடும். பலர் உடனே ஸ்ட்ராப் (கையைப் பாரோடு பிணைக்கும் பட்டி) வாங்குகிறார்கள். ஸ்ட்ராப் கெட்டதில்லை; முதுகுக்கு வேலை கொடுக்க வேண்டிய செட்டில் கை தடையாக இருக்கக் கூடாது. ஆனால் எல்லாச் செட்டும் ஸ்ட்ராப்போடு என்றால் கை அதே பலவீனத்தோடுதான் இருக்கும். எடையைக் கூட்டிக்கொண்டு போகும் செட்டுகளை வெறுங்கையால் தூக்கி, கடைசிக் கனமான செட்டுக்கு மட்டும் ஸ்ட்ராப் போடலாம். முடிவில் பாரைப் பிடித்தபடி அரை நிமிடம் நிற்பதும், புல்அப் கம்பியில் தொங்குவதும் சில கிழமைகளில் பலன் தரும். துவாய் ஒன்றால் கையைத் துடைப்பதையும் மறக்க வேண்டாம்.

கைப்பிடிப் பலம் பற்றி இன்னொன்று. 17 நாடுகளில் ஏறக்குறைய 1,40,000 பேரைப் பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வு 2015 இல் லான்செட் இதழில் வந்தது. கைப்பிடி பலவீனமாக இருந்தவர்களிடம் மரணமும் இதயநோய் மரணமும் அதிகமாகக் காணப்பட்டன. அதைப் படித்துவிட்டு ஸ்பிரிங் கிரிப்பர் வாங்கி மேசையில் வைத்து அமுக்கினால் ஆயுள் கூடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கைப்பிடி ஒரு அடையாளம் மட்டுமே. உடம்பு முழுவதும் எவ்வளவு தசையோடும் இயக்கத்தோடும் இருக்கிறது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது.

பின்தொடைத் தசைக்கு வருவோம். டெட்லிஃப்டில் பார் முழங்காலைத் தாண்டும்போது முதுகு வளைந்துவிடுகிறவர்களுக்கு ரோமேனியன் டெட்லிஃப்ட் நல்ல துணை. 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ருமேனியப் பளுதூக்கும் வீரர் நிக்கு விளாட் 1990 இல் அமெரிக்காவில் செய்து காட்டியபோது அங்கிருந்தவர்கள் வைத்த பெயர் அது. முழங்காலைச் சற்றே மடக்கி, இடுப்பை மட்டும் பின்னால் தள்ளி, பாரைத் தொடையோடு உரசியபடி இறக்கி ஏற்றுவது. முதுகை நேராக வைத்தபடி இடுப்பால் மடியும் பழக்கத்தையும் அது சேர்த்துக் கற்றுக்கொடுக்கிறது.

ஜிம்முக்கு வெளியே இதே தசையின் பலவீனம் இன்னும் தெளிவாகத் தெரியும். கிழமை முழுக்கக் கதிரையில் இருந்துவிட்டு ஞாயிறு மாலை ஃபுட்சால் விளையாடப் போய், வேகமாக ஓடும்போது தொடையின் பின்பக்கம் 'சுள்' என்று பிடித்து நொண்டியபடி வருகிறவர்களைத் தெரியாதவர் யார்? முழங்காலில் நின்று, கூட்டாளி ஒருவர் கணுக்காலை அமுக்கிப் பிடிக்க, உடம்பை நேராக வைத்து மெல்ல முன்னால் சாயும் பயிற்சி ஒன்று உண்டு. நோர்டிக் பயிற்சி என்பார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2019 இல் வெளியான ஒரு கணக்கெடுப்பின்படி, இதைத் தங்கள் தடுப்புத் திட்டத்தில் சேர்த்த குழுக்களில் பின்தொடைக் காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருக்கின்றன. கருவி எதுவும் தேவையில்லாத ஒரு பயிற்சிக்கு இது மிகப் பெரிய பலன். முதல் நாள் நான்கைந்து தடவைக்கு மேல் செய்ய வேண்டாம், அடுத்த நாள் மாடிப்படி இறங்குவதே பெரும்பாடாகிவிடும்.

சரி, பலவீனம் எது என்று தெரிந்துவிட்டது. அதை எங்கே, எவ்வளவு செய்வது?

பெரும்பாலானவர்கள் செய்வது, வழமையான பயிற்சி எல்லாம் முடிந்த பிறகு, வீட்டுக்குப் போகும் அவசரத்தில், பலவீனத்துக்கு இரண்டு செட். உடம்பில் மிச்சமிருக்கும் கடைசிச் சக்தி மிகவும் தேவைப்படும் தசைக்குப் போகிறது. எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு: பலவீனத்துக்கு அன்றைய நாளின் முதல் இடத்தைக் கொடுக்க வேண்டும், குறைந்தபட்சம் பெரிய பயிற்சிக்கு அடுத்த இடத்தையாவது. கிழமைக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் மூன்று நான்கு செட். அப்புறம், கூட்டிய அளவுக்கு வேறெதையாவது குறைக்க வேண்டும். ஒரே நேரத்தில் நான்கு பலவீனங்களைத் திருத்தப் புறப்பட்டால் நான்கும் அரைகுறையாக நிற்கும். ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

குறைத்தால் இருக்கிற பலமும் போய்விடுமே என்று பயம் வரும். அந்தப் பயம் தேவையில்லை. பெறுவதற்கு வேண்டிய உழைப்பில் ஒரு பகுதி போதும், பெற்றதைக் காப்பதற்கு. 2011 இல் வெளியான ஒரு ஆய்வில், 16 கிழமை பயிற்சி செய்தவர்களைப் பிறகு அதே பயிற்சியின் மூன்றில் ஒரு பங்கையோ ஒன்பதில் ஒரு பங்கையோ மட்டும் 32 கிழமை செய்ய வைத்தார்கள். இளவயதினர் பலத்தையும் தசை அளவையும் தக்கவைத்துக்கொண்டார்கள். அறுபது தாண்டியவர்களிடம் பலம் நின்றது, தசையின் அளவு நிற்கவில்லை. ஆகவே ஸ்குவாட்டைத் திருத்தும் இரண்டு மாதம் பெஞ்சை ஒன்றிரண்டு கனமான செட்டோடு விட்டுவைக்கலாம். ஆனால் பெரிய பயிற்சியை அடியோடு நிறுத்தக் கூடாது. துணைப் பயிற்சியில் வந்த பலம் பெரிய பயிற்சிக்குள் தானாகப் போய்ச் சேராது. புதிய பலத்தோடு அந்த அசைவை உடம்பு மறுபடி பழக வேண்டும்.

எவ்வளவு காலம்? இரண்டு கிழமையில் துணைப் பயிற்சியின் எடை வேகமாக ஏறும். அதை நம்பி ஏமாறக் கூடாது. புதிய அசைவின் தொடக்கத்தில் கூடும் பலத்தில் பெரும்பகுதி, நரம்புகள் தசையை ஒழுங்காக இயக்கப் பழகுவதால் வருவது. தசையின் வளர்ச்சி பிறகுதான் முன்னுக்கு வருகிறது. மொரிடானியும் டிவ்ரீஸும் 1979 இலேயே இதைக் காட்டிவிட்டார்கள். ஆறு முதல் எட்டுக் கிழமை பொறுத்து, பிறகு பெரிய பயிற்சியில் பழைய எடையைப் பழைய மாதிரியே வீடியோ எடுத்து ஒப்பிடுங்கள். அசைவு மாறியிருந்தால் கண்டுபிடித்தது சரி. துணைப் பயிற்சி நன்றாக ஏறியும் பெரிய பயிற்சி அசையவில்லை என்றால், தவறான தசையைப் பிடித்திருக்கிறீர்கள். அதுவும் ஒரு தகவல்தான், அடுத்த சந்தேகத்துக்குப் போகலாம்.

இடது வலது வித்தியாசம் பற்றிக் கவலைப்படுகிறவர்களும் உண்டு. சிறிய வித்தியாசம் எல்லாருக்கும் இருக்கிறது. வலக்கைக்காரருக்கு வலக்கை சற்றுக் கூடுதலாக இருப்பதைத் திருத்தத் தேவையில்லை. வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிற மாதிரி, பார் ஒரு பக்கம் சரிகிற அளவுக்கு இருந்தால் டம்பெல்லுக்கு மாறி, பலவீனமான பக்கத்தை முதலில் செய்து, அது எத்தனை தடவை செய்ததோ அத்தனை தடவை மட்டும் மற்றப் பக்கத்தைச் செய்யலாம். ஒரு கை உடைந்து மாவுக்கட்டில் இருக்கும்போது மற்றக் கையைப் பயிற்றுவதும் வீண் இல்லை. ஒரு பக்கத்தைப் பயிற்றினால் பயிற்றாத பக்கத்துக்கும் ஓரளவு பலம் சேர்கிறது. இதை யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்சர் 1894 இலேயே பதிவு செய்தார்.

சிலருடைய பலவீனம் ஜிம்முக்குள் இல்லவே இல்லை, சாப்பாட்டில் இருக்கிறது. காலையில் பாணும் சம்பலும், மத்தியானம் சோற்றுப் பொதி, இரவில் இடியப்பமும் சொதியும். வயிறு நிறையும், புரதம் குறையும். பல ஆய்வுகளைத் தொகுத்த 2018 ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, எடைப் பயிற்சி செய்கிறவருக்கு உடல் எடையின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.6 கிராம் புரதம் வரை பலன் தெரிகிறது என்கிறது. 65 கிலோ எடையுள்ளவருக்கு 104 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் வேகவைத்த பருப்பில் 9 கிராம் என்று கணக்குப் போட்டால் எவ்வளவு தூரம் பின்தங்கியிருக்கிறோம் என்று தெரியும். 2022 நெருக்கடிக்குப் பிறகு முட்டையும் மீனும் கோழியும் எத்தனை வீடுகளில் சுருங்கிப்போயின என்பதையும் மறந்து பேச முடியாது. சைவக்காரர்களுக்கும் கையைக் கடிக்கிறவர்களுக்கும் சோயா மீட் பெரிய உதவி. உலர்ந்த நிலையில் அதன் பாதி எடை புரதம். கடலை, பயறு, தயிர் ஆகியவை கூடச் சேரட்டும். கந்தசஷ்டி விரத நாட்களில் எடையைக் குறைத்து அசைவுகளைப் பழகுவதோடு நிற்கலாம். அந்த நாட்களில் புதிய உச்சம் தேட வேண்டாம்.

வலி வந்தால் கதை வேறு. பலவீனத்தைத் தேடுவதும் வலியைத் தாங்குவதும் ஒன்றல்ல. 2022 பேர்மிங்காம் பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில், நம் திலங்க இசுரு குமார இரண்டு வகைத் தூக்கலிலும் மொத்தம் 225 கிலோ தூக்கி வெண்கலம் வென்ற அதே 55 கிலோ பிரிவில், இந்தியாவின் சங்கேத் சர்கர் 248 கிலோவோடு தங்கத்தை நெருங்கியிருந்தார். இரண்டாவது வகைத் தூக்கலின் இரண்டாவது முயற்சியில் அவருடைய முழங்கை காயப்பட்டது. மூன்றாவது முயற்சியும் கைகூடவில்லை. மலேசிய வீரர் 249 கிலோவோடு தங்கத்தை எடுத்துக்கொண்டார். உலக மேடையில் அடிபட்ட கையோடு மறுபடி பாரைத் தொட ஒரு வீரனுக்குக் காரணம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மாலைப் பயிற்சியில் நமக்கு அப்படி எந்தக் காரணமும் இல்லை. மூட்டுக்குள் குத்துகிற வலி, கையிலோ காலிலோ ஓடும் மரமரப்பு, இரவில் எழுப்பும் வலி ஆகியவற்றுக்குத் துணைப் பயிற்சி தேடாமல் வைத்தியரிடமோ இயன்மருத்துவரிடமோ போங்கள்.

இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. மூச்சை அடக்கி உச்ச எடையைத் தள்ளும்போது அழுத்தம் நம்ப முடியாத அளவுக்கு ஏறும். 1985 இல் உடற்கட்டுப் பயிற்சி செய்யும் சில இளைஞர்களின் தமனிக்குள் கருவி வைத்து அளந்தபோது, இரண்டு காலாலும் எடையைத் தள்ளும் பயிற்சியில் சராசரியாக 320 க்கு 250 வரை போனது. குளிசை எடுப்பவர்கள் முதலில் வைத்தியரிடம் கதைத்துவிட்டு, குறைந்த எடையில், மூச்சை விட்டபடி செய்ய வேண்டும்.

இதெல்லாம் இளைஞர்களின் விஷயம் என்று அம்மா அப்பாவை ஒதுக்கிவிடாதீர்கள். பலவீனத்தைக் கண்டுபிடிப்பதன் உண்மையான பெறுமதி அவர்களிடம்தான் அதிகம். உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டல் வளர்ந்தவர்கள் எல்லாரும், முதியவர்கள் உட்பட, கிழமைக்குக் குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்குப் பலம் தரும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. காலையில் மரைன் டிரைவில் நடக்கிற அப்பாமார் நடையோடு நிறுத்திவிடுகிறார்கள். நடை நல்லதுதான், ஆனால் கதிரையிலிருந்து எழும்பும் பலத்தை அது போதிய அளவுக்குத் தராது.

கைப்பிடி இல்லாத சாப்பாட்டுக் கதிரை ஒன்றைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 வினாடியில் எத்தனை தடவை முழுதாக எழும்பி உட்கார முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். முதியோர் விழுவதைத் தடுக்க அமெரிக்காவில் பயன்படுத்தும் அளவுகோலின்படி, 60 முதல் 64 வயது வரையான ஆண் 14 தடவைக்கும் பெண் 12 தடவைக்கும் குறைந்தால் சராசரிக்குக் கீழே. 70 முதல் 74 வரை ஆணுக்கு 12, பெண்ணுக்கு 10. எழும்பக் கையை ஊன்ற வேண்டியிருந்தால் சோதனையை அத்தோடு நிறுத்தி, எண்ணிக்கையைப் பூச்சியம் என்று எழுதுவார்கள். அப்படிப்பட்டவருக்கு முதலில் கதிரையில் தலையணை ஒன்றைப் போட்டு உயர்த்திக் கொடுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், எட்டுத் தடவை எழும்பி உட்கார்வதை ஒரு செட்டாக வைத்து மூன்று செட். அது இலகுவானதும் தலையணையை எடுத்துவிடலாம். அதுவும் இலகுவானால் ஒரு கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்தபடி செய்யச் சொல்லலாம். ஆறு கிழமை கழித்து, அதே கதிரையில், அதே 30 வினாடியை மறுபடி எண்ணுங்கள்.